ஆயா கொடுக்கும் பதில்

பொம்மிடி ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்குக் காத்திருக்கிறார் ஓர் ஆயா. மடியில் எட்டு மாதப் பேரன். “ப்பப்பப்பா” என்கிறான். “அப்பனையா கூப்புடுற கண்ணு? அவன் ஓசூர்ல இல்ல இருக்கான்!” பேரன் ஆயாவின் வாயையே உற்றுப் பார்க்கிறான். கொஞ்சம் நிதானித்து, “ம்ப்பா” என்று புதிதாக ஒன்றை எடுத்துவிடுகிறான். ஆயா சிரிக்க, இன்னும் சத்தமாக ஒரு “ம்ப்பா”.

இந்தக் கொடுக்கல் வாங்கலை 2003-ல் உளவியல் ஆய்வாளர் மைக்கேல் கோல்ட்ஸ்டைன் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். குழந்தை மழலை பேசிய கையோடு தாய் சிரித்துத் தொட்டுப் பதில் தந்தால், சில நிமிடங்களிலேயே ஒலி திருந்தியது. அதே சிரிப்பும் தொடுதலும் நேரம் தப்பிக் கிடைத்த குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

முதல் ஒலிகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு, மூன்று மாதத்தில் “ங்கா” வரும். மல்லாந்து கிடக்கும் பிள்ளைக்கு அடிநாக்கு மேலே போய் ஒட்டுவது சுலபம். (சொல்லுக்கு முதலில் வர ‘ங’வுக்குத் தொல்காப்பியர் இடம் தரவில்லை. பிள்ளைகள் அதையெல்லாம் பார்ப்பதில்லை.) ஆறேழு மாதத்துக்கு மேல் தாடை ஏறி இறங்கத் தொடங்கினால் “பப்பா”, காற்று மூக்கு வழியே போனால் “மம்மா”. உணவை மெல்லும் இந்தத் தாடையசைவிலிருந்துதான் மனிதப் பேச்சே கிளைத்தது என்று 1998-ல் வாதிட்டார் பேச்சு ஆய்வாளர் பீட்டர் மெக்நீலேஜ். எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்தல்ல. எனக்கு நம்பத் தோன்றுகிறது.

ஆனால் ஒலி மட்டும் போதுமா? பேச்சே காதில் விழாமல் வளரும் குழந்தை என்ன பேசும் என்று பார்க்க ஆசைப்பட்டார் அக்பர். கைக்குழந்தைகளைத் தனி மாளிகையில், வாய் திறக்காத தாதியரிடம் விட்டார். பாலுக்கும் பராமரிப்புக்கும் குறைவில்லை. 1582-ல் நேரில் போய்ப் பார்த்தபோது ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை என்கிறது அக்பர்நாமா. அந்த மாளிகைக்கு ‘குங் மஹல்’, ஊமை மாளிகை, என்றே பெயர் விழுந்தது. பாதுஷாவின் ஆர்வத்துக்குப் பிள்ளைகளைப் பலிகொடுத்த கொடுமை அது.

காது கேளாத குழந்தையும் முதலில் “ங்கா” சொல்லும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. “பபபப” மட்டும் தள்ளிப்போகும். பத்து மாதமாகியும் அது வரவில்லையென்றால், “அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்” என்று காத்திருக்காமல் செவித்திறன் பரிசோதனைக்குக் கொண்டுபோவது நல்லது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே, கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். சைகையில் பேசும் பெற்றோரிடம் வளரும் செவித்திறனற்ற குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுவதை 1991-ல் ஆய்வாளர் லாரா பெட்டிட்டோ பதிவுசெய்திருக்கிறார். அவர்களுக்கும் பதில் சொல்ல எதிரே இரண்டு கைகள் இருந்தன.