அடைக்கிறதா? எது, எங்கே, எப்போது?

எனக்கு இருக்கும் நோயின் பெயர் அக்கலேசியா. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் புதிதாக வரும் நோய் என்பதால் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. விழுங்கிய சோறு தொண்டையைத் தாண்டிவிடும். இரைப்பைக்குப் போய்ச் சேராமல் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. இந்த நோயோடு வாழ்ந்து நான் அறிந்துகொண்ட ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். விழுங்குவதில் வரும் தொல்லையைக் கண்டுபிடிக்க உதவும் முதல் கருவி நோயாளியின் வாய்மொழிதான். எது அடைக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது, என்ன திரும்பி வருகிறது என்று விவரமாகச் சொன்னால், எந்தப் பரிசோதனை தேவை என்று மருத்துவருக்கு உடனே பிடிபட்டுவிடும். ‘சாப்பிட முடியலை டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் மாத்திரைச் சீட்டுதான் கைக்கு வரும்.

குழாய்க்குள் நடப்பது

உணவுக்குழாயின் நீளம் ஏறத்தாழ 25 செ.மீ. ஒரு வாய் விழுங்கியதும் அதன் தசைகள் மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கி உணவைத் தள்ளும். பாடநூலில் இதைப் பெரிஸ்டால்சிஸ் என்று படித்திருப்பீர்கள். இந்தத் தள்ளல் இருப்பதால்தான் தலைகீழாக நிற்கிறவராலும் விழுங்க முடிகிறது. குழாயின் அடியில், இரைப்பை தொடங்கும் இடத்தில், வளையம் போன்ற ஒரு சுருக்குத்தசை உண்டு. உணவு வரும்போது அது தளர்ந்து வழிவிடும். மற்ற நேரங்களில் மூடியிருந்து இரைப்பை அமிலம் மேலே ஏறாமல் காக்கும்.

அந்தத் தசைக்குத் ‘தளர்ந்துகொடு’ என்று சொல்லும் நரம்புசெல்கள் குழாயின் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. அக்கலேசியாவில் அவை மெல்ல மெல்ல அழிகின்றன. மேலே தள்ளல் நின்றுபோகிறது. கீழே வளையம் திறக்க மறுக்கிறது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே அந்தச் செல்களைத் தாக்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தென் அமெரிக்காவில் சாகஸ் நோயைத் தரும் ஒட்டுண்ணியும் இதே பாதிப்பை உண்டாக்குவதுண்டு. நேரம் தவறிச் சாப்பிட்டதாலோ, காரம் தின்றதாலோ வருவதல்ல இது. வீட்டில் அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கு எப்படி இருந்தது

முதலில் பரோட்டா நின்றது, பிறகு சப்பாத்தி. தண்ணீர் குடித்துத் தள்ளலாம் என்றால் சில நாட்களில் தண்ணீரும் இறங்காது. ஒருநாள் மட்டன் குழம்பு சிரமமில்லாமல் இறங்கும். மறுநாள் இட்லி நிற்கும். மார்புக்கூட்டின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். எழுந்து நின்று, தோள்களைப் பின்னுக்கு இழுத்து, ஒரு தம்ளர் வெந்நீரை நிறுத்தாமல் குடித்தால் திடீரென்று எல்லாம் சரிந்து இறங்கும். அந்த நிம்மதி இந்த நோய் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

ஆசிரியர் அறையில் மதிய இடைவேளை முழுவதும் ஒரு சின்ன டப்பா தயிர்சாதத்துக்கே போய்விடும். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுகிறவள் நான். அடுப்படியில் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் சாப்பிட்டாலும் யார் கண்ணிலும் படாது. என் அத்தைதான் முதலில் கவனித்தார். “ஏ தாயி, நீ சோத்தைத் திங்கிறியா, எண்ணிக்கிட்டு இருக்கியா?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேலை இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியதையும் அவர்தான் கண்டார்.

குனிந்து கோலம் போட்டால் காலையில் குடித்த காப்பி அப்படியே வாய்க்கு வரும். இரவில் படுத்தால் வெண்நுரையாக எச்சில் எதுக்களித்துத் தலையணை நனையும். புரையேறி இருமல் பிடித்துக்கொள்ளும். குழாயில் தேங்கியது மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் வரும். நள்ளிரவில் நெஞ்சுவலி கிளம்பி முதுகுவரை இழுக்கும். நெஞ்சுவலி என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். எனக்கும் இசிஜி எடுத்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்தார்கள்.

ஆனாலும் ‘கேஸ் டிரபிள்’, ‘அல்சர்’ என்று அமிலத்துக்கான மாத்திரைகளே தொடர்ந்தன. உலகெங்கும் இந்த நோயாளிகள் பலருக்கு நேர்வது இதுதான். எதுக்களிப்பு என்றதும் அமிலம்தான் நினைவுக்கு வருகிறது. சொந்தக்காரர்கள் தொக்கம் எடுக்கிறவரிடம் போகச் சொன்னார்கள். ஊதியும் தடவியும் எடுப்பதற்கு உள்ளே எந்தப் பொருளும் சிக்கியிருக்கவில்லை. கெட்டுப்போயிருந்தது நரம்பு.

வழி திறந்த கேள்விகள்

மதுரையில் ஒரு குடல்நோய் மருத்துவர், பழைய சீட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

“டீச்சர், சோறு மட்டும் அடைக்குதா, தண்ணியுமா?”

“ரெண்டும்தான் சார். ஆரம்பத்துல இருந்தே.”

“திரும்பி வர்றது புளிக்குதா?”

“புளிப்பு இல்லை. சாப்பிட்ட ருசியிலேயே வருது.”

இந்த இரண்டு பதில்களுக்கும் பொருள் உண்டு. புற்றுநோய்க் கட்டியோ தழும்போ குழாயைக் குறுக்கினால், பெரும்பாலும் முதலில் கெட்டி உணவு அடைக்கும், பிறகு குழைந்த சோறு, கடைசியில் தண்ணீர். குழாயின் இயக்கமே கெட்டிருந்தால் கெட்டியும் நீரும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து தொல்லை தரலாம். அமிலமேற்றத்தில் திரும்பி வருவது புளிக்கும், எரியும். என் உணவு இரைப்பையைத் தொடவே இல்லை, அதனால்தான் புளிக்கவில்லை.

வேறொரு வகையும் உண்டு. விழுங்கத் தொடங்கும்போதே இருமல், புரையேறுதல், மூக்கு வழியாகத் தண்ணீர் வருதல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தல் — இவை தொண்டைத் தசைகளின் தொல்லைக்கு அடையாளம். பக்கவாதம், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடம் இதைப் பார்க்கலாம். இவர்களை நரம்பியல் மருத்துவரிடமும், விழுங்கப் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சி வல்லுநரிடமும் அழைத்துப் போக வேண்டும்.

எனக்கு முதலில் எண்டாஸ்கோப்பி செய்தார்கள். தொடக்க நிலையில் அதில் எதுவும் தென்படாமல் போகலாம். ஆனால் கட்டி இல்லை என்று உறுதி செய்ய அது கட்டாயம் தேவை. அடுத்து பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து 1, 2, 5 நிமிடங்களில் எக்ஸ்ரே. குழாய் மேலே அகன்று, கீழே கூராக முடிந்திருந்தது. கடைசியாக மேனோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, தண்ணீரைச் சிறிது சிறிதாக விழுங்கவைத்து, தசைகளின் அழுத்தத்தை அளந்தார்கள். நோயை உறுதி செய்வதும், அதன் மூன்று வகைகளில் எது என்று காட்டுவதும் இந்தச் சோதனைதான்.

கதவைத் திறப்பது

1674-ஆம் ஆண்டிலேயே ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். திமிங்கில எலும்பின் முனையில் கடற்பஞ்சைக் கட்டி, ஒவ்வொரு வேளையும் உணவை அதனால் கீழே தள்ளியே அந்த மனிதர் பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். இன்றும் மருத்துவத்தின் நோக்கம் மாறவில்லை. அழிந்த நரம்பை மீட்க முடியாது. மூடிய வளையத்தைத் திறந்துவிட்டால், உணவு தன் எடையாலேயே இறங்கும்.

30 முதல் 40 மி.மீ. வரை விரியும் பலூனை வைத்துத் தசையை அகட்டுவது ஒரு முறை. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913-இல் தொடங்கிய தசைவெட்டு அறுவைச் சிகிச்சை இன்னொன்று. இப்போது அதை லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள். மயக்க மருந்தையும் அறுவையையும் தாங்க இயலாத முதியவர்களுக்கு போடாக்ஸ் ஊசி போடுவதுண்டு. அதன் பலன் சில மாதங்களே நிற்கும். ஜப்பானில் ஹருஹிரோ இனோவே 2008-இல் முதன்முதலாகச் செய்த ‘போயம்’ முறையில், எண்டாஸ்கோப்பை வாய் வழியாகச் செலுத்தி, குழாய்ச் சுவரின் உட்படலத்துக்கு அடியில் சுரங்கம்போல் வழி செய்து, தசையை வெட்டுகிறார்கள். வெளியே தையல் இல்லை. எனக்குச் செய்தது இதுதான்.

சிகிச்சைக்குப் பின் முதன்முதலாக ரசம்சாதம் நிற்காமல் இறங்கியபோது அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இறங்கிட்டுதா?” என்றார். “இறங்கிட்டு அத்தை” என்றேன். இருவரும் அழுதோம்.

இனி வாழும் முறை

கதவைத் திறந்துவிட்டதால் அமிலம் மேலே ஏறும் வாய்ப்பு கூடியிருக்கிறது; அதற்கு மாத்திரை எடுக்கிறேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறோம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவேன். சோற்றைக் குழைய வடித்து, குழம்பும் ரசமும் தாராளமாக ஊற்றி, சிறு கவளங்களாக மென்று, இடையிடையே வெந்நீர் குடிக்கிறேன். ஐஸ் தண்ணீர் எனக்கு ஒத்துவராது, வலி வந்துவிடும். களி, பன், நார் நாரான இறைச்சி ஆகியவற்றை விட்டுவிட்டேன்.

விருந்து வீடுகள்தான் கடினம். “என்ன டீச்சர், கொறிக்கிறீங்க? நல்லா சாப்பிடுங்க” என்று அன்போடு இன்னொரு கரண்டி வைப்பார்கள். இப்போதெல்லாம் உட்காரும்போதே சொல்லிவிடுகிறேன்: “எனக்கு உணவுக்குழாய்ல ஆபரேஷன் ஆகியிருக்கு. மெதுவாத்தான் சாப்பிடுவேன், நானே கேட்டு வாங்கிக்கிறேன்.” யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

மருத்துவர்கள் எக்கார்ட் மதிப்பெண் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அடைப்பு, எதுக்களிப்பு, நெஞ்சுவலி, எடைக்குறைவு ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை; மொத்தம் 12. சிகிச்சைக்குப் பின் 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பலன் கிடைத்ததாகக் கொள்வார்கள். நான்கும் நோயாளி வாயால் சொல்ல வேண்டியவை. விழுங்குவதில் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரிடம் போகும் முன் ஒரு வாரத்துக்காவது தாளில் குறித்து வையுங்கள்: எது அடைத்தது, எங்கே நின்றது, என்ன திரும்பி வந்தது, அது புளித்ததா, இரவில் இருமல் வந்ததா, எடை எவ்வளவு. அடைப்பு நாளுக்கு நாள் கூடினாலோ, எடை வேகமாகக் குறைந்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அக்கலேசியாவைக் கவனிக்காமல் விட்டால் குழாய் ஆண்டுக்கணக்கில் விரிந்து தொய்ந்துபோகும். அதன்பின் சிகிச்சை கடினமாகும். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார், எவ்வளவு நேரம் சாப்பிடுகிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிரமப்படுகிறார் என்று தெரிந்தால், அவர் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள்.