பச்சை ஃபைல்

மலர்க்குழுவினர் என்னிடம் முதலில் கேட்டது கவிதை. எனக்கு அது வராது. ஆனால் இரண்டு வருடமாக எங்கள் வீட்டு பீரோவில் இருந்த ஒரு பச்சை ஃபைல் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நம் கல்லூரியிலேயே 2023-ல் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்த என் அக்காவின் ஜெர்மனி விசா ஃபைல் அது. ஜெராக்ஸ் எடுத்தது, கையெழுத்துக்கு அலைந்தது, நோட்டரி வாசலில் காத்துக் கிடந்தது எல்லாம் அடியேன்தான். இப்போது ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட "மாப்ள, விசாவுக்கு என்னடா பண்ணணும்?" என்று கதவைத் தட்டுகிறார்கள். தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் அப்பா ஜீப் டிரைவர். விடிவதற்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவார். அம்மா போடியில் ஒரு குடோனில் ஏலக்காய் தரம் பிரிக்கிறார். அக்கா டிப்ளமோ முடித்து ஒரு வருடம் கிடைத்த வேலையைப் பார்த்தாள். சம்பளம் பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் சரியாகப் போயிற்று. அந்த நேரத்தில்தான் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார்.

நாலரை லட்சம் கேட்டார். "முதல்ல விசிட்டர் விசாவுல போயிரட்டும். அங்க போய் வேலை பாத்து பெர்மிட்டா மாத்திக்கலாம். நம்ம ஆள் இருக்கு" என்றார். அப்பா அன்று ராத்திரியே வீட்டுப் பத்திரத்தை எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான், "ரெண்டு நாள் பொறுங்கப்பா, நான் விசாரிக்கிறேன்" என்று தடுத்தாள்.

அந்த இரண்டு நாளில் நாங்கள் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரையின் பாதி. விசா என்பது ஒன்று அல்ல. ஷெங்கன் விசா என்று ஒன்று. 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானது. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் இருக்கலாம். ஊர் சுற்ற, உறவினரைப் பார்க்க, வியாபாரம் பேச அது போதும். அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. அங்கேயே வைத்து வேலைப் பெர்மிட்டாக மாற்றவும் நம்மைப் போன்றவர்களுக்கு வழியில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, முறையான விசா கேட்டுத்தான் மறுபடி போக வேண்டும். 90 நாளைத் தாண்டித் தங்கினால் சட்டவிரோதம். பிடித்துத் திருப்பி அனுப்புவதோடு, அடுத்து நுழையத் தடையும் போடுவார்கள். இன்னொன்று தேசிய விசா. படிப்பு, வேலை, தொழிற்பயிற்சி என்று 90 நாளுக்கு மேல் தங்குவோருக்கு அந்தந்த நாடு கொடுப்பது. நமக்கு வேண்டியது அதுதான். ஏஜென்ட் விற்க வந்தது முதல் வகை!

இன்னொரு விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2017-ல் வந்த விதிப்படி, ஒருவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். நம் தமிழக அரசே 1978-ல் ஆரம்பித்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய் அந்த மனிதரிடம் பதிவு எண் கேட்டாள் அக்கா. டீ குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

சரி, எந்த வழியில் போவது? டிப்ளமோக்காரர்களுக்கு ஜெர்மனியில் சில கதவுகள் உண்டு. அனுபவம் உள்ளவர்கள் தங்கள் படிப்பை அங்கீகரிக்கச் சொல்லி நூரன்பெர்க்கில் உள்ள ஐஹெச்கே ஃபோசா என்ற அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். நம் பாடத்திட்டத்தை அங்குள்ள தொழிற்பயிற்சியோடு ஒப்பிட்டு 'முழுதும் சமம்' அல்லது 'பாதி சமம்' என்று எழுதிக் கொடுப்பார்கள். கட்டணம் 100-லிருந்து 600 யூரோ வரை. 2024 ஜூனில் வந்த 'வாய்ப்பு அட்டை' இன்னொரு கதவு. அங்கே போய் ஒரு வருடம் வரை வேலை தேடலாம். ஆனால் 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஜீப் டிரைவர் வீட்டில் அது நடக்கிற காரியமா?

ஆகவே அக்கா எடுத்தது 'அவுஸ்பில்டுங்'. ஒரு கம்பெனியில் சேர்ந்து சம்பளத்தோடு தொழில் பழகுவது. வாரத்தில் சில நாள் கம்பெனி, சில நாள் தொழிற்பள்ளி. தொழிற்சாலை எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு என்றால் மூன்றரை வருடம். "டிப்ளமோ முடிச்ச புள்ள மறுபடியும் அப்ரண்டிஸா?" என்று தெருவில் கேட்காத ஆளில்லை. எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. மறைப்பானேன், இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. மூன்று வருடம் படித்ததை அடியிலிருந்து மறுபடி படிக்க எல்லாருக்கும் மனசு வராது. அனுபவம் உள்ள நண்பர்கள் அங்கீகார வழியை முதலில் பார்க்கட்டும். அக்காவுக்கு அனுபவமும் குறைவு, பணமும் குறைவு. சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம் என்பதுதான் அவளை இழுத்தது.

இதற்கு ஜெர்மன் மொழி பி1 நிலை வரை வேண்டும். ஏ1, ஏ2, பி1 என்று மூன்று படி. கதே இன்ஸ்டிட்யூட் சென்னையில் இருக்கிறது, பழைய ஆட்களுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்றால் தெரியும். கோயம்புத்தூரில் கதே சென்ட்ரம் உண்டு. பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். அக்கா எழுதுதலில் கோட்டை விட்டாள். ஆனால் தோற்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். நம் அரியர் மாதிரியேதான்! இரண்டாம் முறை தேறினாள். அதற்குள் ஒரு கம்பெனி வீடியோவில் நேர்காணல் நடத்தி, 2025 செப்டம்பர் 1-ல் சேரும்படி ஒப்பந்தமும் அனுப்பிவிட்டது. முதல் வருடச் சம்பளம் மாதம் 1,150 யூரோ. சம்பளம் அரசு சொல்லும் அளவுக்குக் குறைந்தால் மிச்சத்தை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். எங்களுக்கு அந்தச் சிரமம் வரவில்லை.

வந்தது வேறு ஒன்று. பெயர்!

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, அவ்வளவுதான். அந்த எழுத்து அப்பா பெயர். ஜெர்மன்காரர்களுக்கோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டும் வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அக்காவுக்கு இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆனால் ஆங்கிலத்தில் ஒரு 'ஹெச்' கூடுதலாக. பிறப்புச் சான்றிதழில் அந்த 'ஹெச்' இல்லை. கம்பெனி, அக்கா அனுப்பிய பயோடேட்டாவைப் பார்த்து 'ஹெச்' இல்லாமலே ஒப்பந்தம் அடித்துவிட்டது. ஒரே பெண் மூன்று காகிதத்தில் மூன்று ஆளாக நிற்கிறாள். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் திருத்திப் புதிய பாஸ்போர்ட் வாங்கினோம். இனிஷியல் பெயரும் முழுப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் போட்டோம். ஆறு வாரம் ஓடிப்போயிற்று. செப்டம்பர் 1 தவறினால் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா அந்த நாட்களில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார்.

ஏல மையத்தைப் பார்த்திருப்பீர்கள். வாங்க வருகிறவர்கள் சாம்பிளைத்தான் கையில் அள்ளிப் பார்ப்பார்கள், மூட்டையை அவிழ்ப்பதில்லை. விசா அதிகாரிக்கு அக்காவைத் தெரியாது, ஃபைல்தான் சாம்பிள். சாம்பிளில் இரண்டு காய் நிறம் மாறியிருந்தால் விலை என்னவாகும் என்று அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2025 ஜனவரியிலிருந்து தேசிய விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம், பயிற்சித் திட்டம், மொழிச் சான்றிதழ், மார்க் ஷீட், ஏன் இந்தத் தொழில் என்று ஒரு கடிதம், எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். அந்தக் கடிதத்தை மட்டும் காப்பியடிக்காதீர்கள். நேரில் அதிலிருந்துதான் கேள்வி வரும். பிறகு அசலோடும் கைரேகைக்கும் சென்னைக்கு அழைப்பு வந்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னைத் துணைத் தூதரகம். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்தில் குடியிருந்தால் பெங்களூரு! மலைக்கு மேலும் கீழும் ஒரே உறவுதான், விசாவுக்கு மட்டும் வேறு திசை. கட்டணம் 75 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 2023 ஜூன் 15-லிருந்து போடிக்கு வரும் சென்னை ரயிலில் போனோம். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் நின்றபோது நான் கைக்குழந்தை விட்டுச் சற்றே வளர்ந்த பையன். நான் ஏறிய முதல் ரயிலே அதுதான். ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையின் ஒப்புதலும் வந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்தது. அப்பா அதை ஜீப்பில் வைத்து மெட்டு வரை கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தார்!

அத்தோடு முடிந்ததா? இல்லை. அந்த ஒட்டு சில மாதத்துக்குத்தான். அங்கே போய் அதைத் தங்கும் அனுமதியாக மாற்ற வேண்டும். முதலில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், 2015 நவம்பரிலிருந்து அது கட்டாயம். அந்தக் கையெழுத்துத் தராத அறையை, வாடகை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். முகவரி பதிந்தால்தான் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாக நகரும். பிறகு வெளிநாட்டவர் அலுவலகம். நேரம் வாங்குவதே பெரும்பாடு. விசா முடிவதற்கு முன் விண்ணப்பம் கொடுத்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமை தொடரும், அதற்கு ஒரு தற்காலிகச் சான்றும் தருவார்கள். அதன் ஜெர்மன் பெயரில் 'ஃபிக்ஷன்' என்ற சொல் இருக்கிறது. கற்பனைச் சான்றிதழ் என்று அக்கா எழுதியபோது நான் பயந்தே போனேன். நாள் கடந்து கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

அக்காவின் அட்டை 2026 பொங்கல் வாரத்தில் வந்தது. பான் கார்டு அளவுதான், உள்ளே சிப். 2011 செப்டம்பரிலிருந்து இந்த மாதிரி அட்டைதான் தருகிறார்களாம். எதற்காகத் தங்குகிறாள், எது வரை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நினைத்தபடி கம்பெனி மாறிவிட முடியாது, அலுவலகத்தைக் கேட்க வேண்டும். பயிற்சி முடித்து அங்கேயே அந்தத் தொழிலில் இரண்டு வருடம் வேலை பார்த்தால், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், நிரந்தர அனுமதி கேட்கலாம்.

போன வாரம் போனில் அம்மாவிடம் சொன்னாள்: "இங்க என்னைய என் பேரச் சொல்லி யாரும் கூப்பிடுறதில்லம்மா. ஃப்ராவ்னு சொல்லி அப்பா பேரச் சொல்றாங்க. ஆபீஸ்ல, கம்பெனியில, எல்லா இடத்துலயும்." அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

என் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அதே 'ஹெச்' தகராறு இருக்கிறது. திருத்த விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பச்சை ஃபைல் இப்போது காலியாகத்தான் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் மாதிரிக்கு வந்து பார்க்கலாம், பதினோரு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது.