தவிலுக்கு ஒரு தடம்

தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயில் வீதியில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்கினால் சுற்றியுள்ள வயல்களையும் தாண்டிக் கேட்கும். இத்தனை சத்தமான கச்சேரியைப் பதிவு செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்களும் தொப்பியில் கழியும் விழும்போது, மேடையிலிருந்தே போதுமான ஒலி வந்துவிடும். ஆகவே சவுண்ட் சர்வீஸ்காரர் நாதஸ்வரத்தைத் தூக்கி, தவிலின் மைக்கை ஏறத்தாழ மூடியே வைப்பார். வீதியில் நிற்பவருக்கு எல்லாம் அளவாக இருக்கும். அந்த மிக்சரின் பிரதான வெளியீட்டிலிருந்து வயர் எடுத்து ரெக்கோடரில் பதிந்தவருக்கோ, வீட்டில் போட்டுக் கேட்கும்போது தவில் பக்கத்து ஊரில் அடிபடும். வீதிக்கு வேண்டிய கலவை வேறு, பதிவுக்கு வேண்டிய கலவை வேறு. ஒருமுறை கலந்துவிட்டதைப் பிறகு பிரித்தெடுப்பதும் பெரும்பாடு.

விலை குறைந்த டிஜிட்டல் மிக்சர் கைகொடுப்பது இங்கேதான். உதாரணமாக பெரிங்கர் எக்ஸ்ஆர்18. 16 மைக் உள்ளீடுகளும் 2 லைன் உள்ளீடுகளும் கொண்ட சிறு பெட்டி. தள்ளுவதற்குப் பிடிகள் இல்லை, டேப்லெட்டிலோ கணினியிலோதான் இயக்க வேண்டும். அதன் யூஎஸ்பி துளையில் பிரின்டருக்கு வரும் அதே சதுர முனை வயரைச் செருகினால், கணினிக்கு அது 18 உள்ளீடும் 18 வெளியீடும் கொண்ட சவுண்ட் கார்டாகத் தெரியும். ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தடமாகப் பதிவாகும். வீதிக்காகத் தவிலை இறக்கினாலும் பதிவில் அது இறங்காது. இந்தத் தடங்கள் பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கத்துக்கு முன்பே பிரிந்து போகின்றன. உள்ளீட்டின் கெயினைத் திருகினால் மட்டும் பதிவும் மாறும். கச்சேரி தொடங்கிவிட்டால் அதைத் தொடாமலிருப்பது நல்லது. பலத்த அடிக்கும் உச்சவரம்புக்கும் இடையே 10 டெசிபலாவது இடம் விட்டுவையுங்கள். 24 பிட் பதிவில் அளவு குறைந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், வெடித்ததைத் திருத்த முடியாது.

யூஎஸ்பி துளை இருந்தால் போதும் என்று வாங்குவோர் பலர். எக்ஸ்ஆர்12, எக்ஸ்ஆர்16 ஆகியவற்றிலும் துளை உண்டு. ஆனால் அது பென்டிரைவ் செருகி, கலந்த ஒலியை இரண்டு தடத்தில் பதிவதற்கானது. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ என்ற அனலாக் மிக்சர் கணினியோடு பேசும், ஆனாலும் இரண்டு தடம்தான். சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர் கணினியே இல்லாமல் 22 தடங்களை யூஎஸ்பி டிரைவில் எழுதிவிடும். கோயில் வீதியில் மடிக்கணினியைக் காவல் காக்க விரும்பாதவருக்கு என் சிபாரிசு அதுதான்.

கையிலிருப்பது சிறிய ரெக்கோடர் மட்டும் என்றால், பிரதான வெளியீட்டை விட்டுவிட்டு ஆக்ஸ் வெளியீடு ஒன்றை அதற்கென ஒதுக்கி, அதில் தவிலை ஏற்றிக் கலக்கலாம். மிக்சரின் தொழில்முறை அளவு சுமார் 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளின் அளவு சுமார் 0.32 வோல்ட். நான்கு மடங்கு வித்தியாசம். குறைக்காமல் செருகினால் ஒலி கிழியும். மைக்குக்கென்று வைத்த துளையில் செருகினால் இன்னும் மோசம்.

மெக் கணினி எக்ஸ்ஆர்18ஐத் தானே அறிந்துகொள்ளும். விண்டோஸில் தயாரிப்பாளர் தரும் ஏசியோ டிரைவரை நிறுவிவிட்டு, ரீப்பர் போன்ற மென்பொருளில் அதைத் தெரிவு செய்ய வேண்டும். பஃபரைச் சிறிதாக வைக்கச் சொல்லும் அறிவுரை ஸ்டூடியோவுக்கானது. இங்கே கலைஞர்கள் கேட்பது கணினி வழியாக வரும் ஒலியல்ல. ஆகவே 1024 என்று பெரிதாக வைத்து நிம்மதியாக இருக்கலாம். 48,000 மாதிரி, 24 பிட், 18 தடம் என்றால் மணிக்கு 9.3 ஜிபி. யூஎஸ்பி 2க்கு அது சுமையே அல்ல, டிஸ்க்கில் மட்டும் இடம் வேண்டும். வயர் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று இரைச்சல் எழுந்தால், மிக்சரும் அதுவும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். அப்போதும் அடங்காவிட்டால் பேட்டரியில் ஓட்டுங்கள்.

தனியாக ஒரு டிஜிட்டல் ரெக்கோடரையும் இணைப்பவர்கள் மாதிரி வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். மிக்சர் 48,000இல் ஓட, மறுபக்கம் அதை 44,100 என்று நம்பி எழுதினால், பாட்டு மெதுவாகி ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். 2 கட்டைச் சுருதியில் வாசித்த நாதஸ்வரம் 1 கட்டைக்கும் ஒன்றரைக்கும் நடுவில், எந்தச் சுருதிப்பெட்டியோடும் சேராமல் ஒலிக்கும்.