அறை பேசும் விளையாட்டு

ஒருவருடைய வீட்டுக்குள் நுழைகிறீர்கள். வீட்டுக்காரர் இல்லை. ஆனாலும் அலமாரி, மேசை, கொடியில் தொங்கும் துணி இவற்றைக் கொண்டே அவரைப் பற்றி ஓரளவு ஊகித்துவிடுகிறீர்கள் அல்லவா? கணிப்பொறி விளையாட்டுகளை அமைப்போர் இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கின்றனர். 2023இல் கனடாவிலிருந்து வந்த 'வெண்பா' விளையாட்டில், புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்ணின் ஏக்கத்தை எழுத்தழிந்த ஒரு சமையல் குறிப்பேடே சொல்லிவிடுகிறது. விட்டுப்போன குறிப்பை ஆடுபவர்தான் இட்டு நிரப்ப வேண்டும்.

சரி, ஒருவர் தம்மை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பதையும் இப்படிக் காட்ட முடியுமா?

2018இல் வெளிவந்த 'செலஸ்ட்', மேடலின் என்னும் பெண் மலையேறும் கதை. 2019இல் சேர்க்கப்பட்ட இறுதிப் பகுதியின் முடிவில் அவளுடைய மேசை தெரியும். அதில் நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் கொண்ட சிறு கொடி ஒன்று. 1999இல் மோனிகா ஹெல்ம்ஸ் வடிவமைத்த திருநர் கொடி அது. இவ்விளையாட்டின் படம் அகலத்தில் 320, உயரத்தில் 180 புள்ளிகளே கொண்டது; மொத்தம் 57,600. அதில் அக்கொடிக்குக் கிடைத்த இடம் மிகச் சொற்பம். ஆயினும் ஆடியவர்கள் கண்டுபிடித்துவிட்டனர்! மேடலின் திருநங்கைதான் என்று விளையாட்டை அமைத்த மேடி தோர்சன் 2020 நவம்பரில் உறுதி செய்தார். தாமும் அப்படியே என்பது விளையாட்டை உருவாக்கத் தொடங்கியபோது அவருக்கே தெரியாதாம்.

கொடியைப் பார்க்கத்தான் முடியும். தொட்டுப் பார்க்கும் பொருள்களில் வேலை இன்னும் நுட்பமானது. முப்பரிமாண விளையாட்டில் உங்கள் பார்வையின் நடுவிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத நேர்க்கோடு ஒன்றைக் கணிப்பொறி நீட்டுகிறது. அது முதலில் எதில் முட்டுகிறதோ, அதையே நீங்கள் பார்ப்பதாகக் கொள்கிறது. பொத்தானை அழுத்தினால் அப்பொருளுக்குரிய குறி, நினைவகத்தில் 0 என்பதிலிருந்து 1 ஆகிறது. பின்னால் வரும் உரையாடல் இக்குறியைப் பார்த்து மாறும்.

கோபாலபுரத்தில் ஒரு மாடி அறையைக் கற்பனை செய்யுங்கள். (அங்கே குடியிருந்த மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 2008இல்தான் திருநங்கைகளுக்கான நல வாரியம் அமைந்தது.) அறையில் புடவையும் வளையலும் வைத்தால் போதுமா? போதாது என்பேன். புடவை உடையைச் சொல்லுமே தவிர உடுத்தியவரின் உள்ளத்தைச் சொல்லாது. ஒருவருடைய பாலினம் அவர் தம்மை உணர்வதைப் பொறுத்தது என்று உச்ச நீதிமன்றமே 2014இல் கூறிவிட்டது.

அதற்குப் பதிலாக ஆண் பெயருள்ள பழைய மதிப்பெண் பட்டியலையும், பெயர் மாற்றம் அச்சான அரசிதழ்த் தாளையும் வையுங்கள். முன்னதை மட்டும் படித்தவர் பழைய பெயரைச் சொல்லி அழைப்பார். அறைக்குரியவர் முகம் கொடுக்க மாட்டார். இரண்டையும் படித்தவருக்குக் காப்பி கிடைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளின் அலைச்சலை ஆடுபவரே கூட்டிப் பார்த்துக்கொள்வார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இல்லாதவர் வீட்டைக் குடைந்து இரகசியத்தைத் துப்பறிவதாக விளையாட்டு ஆகிவிடலாம். நேரில் அப்படிச் செய்தால் பொறுப்போமா? அரசிதழ்த் தாளை அவரே எடுத்துக் காட்டும்வரை இழுப்பறை திறக்காதபடி அமைக்கலாம். நிரலில் அதற்குத் தேவை ஒரே ஒரு நிபந்தனைதான்.