எலும்பு கல்லாக இறுகி கண் நரம்பை நெரிக்கும் நோய்: 3 மாசமாகியும் குழந்தை முகம் பார்க்கலையா? உஷார்!

பிறந்து 3 மாதம் ஆகியும் குழந்தை அம்மா முகத்தை பார்த்து சிரிக்கவில்லை. கண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது. "போகப்போக தானா சரியாயிடும்" என்று வீட்டு பெரியவர்கள் சொல்வார்கள். இதற்கு பல காரணம் உண்டு. அபூர்வமாக எலும்பு நோயும் காரணமாக இருக்கலாம்.

அதன் பெயர் 'ஆஸ்டியோபெட்ரோசிஸ்'. பளிங்கு எலும்பு நோய் என்றும் சொல்வார்கள். 1904-ம் ஆண்டு ஜெர்மனி எக்ஸ்ரே டாக்டர் ஆல்பர்ஸ் ஷோன்பெர்க் இதை முதலில் விவரித்தார். கைக்குழந்தைகளை தாக்கும் கடுமையான வகை சுமார் 2½ லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிறது.

எலும்புக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

உடம்பில் எலும்பை கட்டும் செல்களும், பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்களும் உண்டு. இந்த நோயில் அரிக்கும் செல்கள் வேலை செய்வதில்லை. கொத்தனார் கட்டிக்கொண்டே போக, இடிக்கிற ஆள் வராத கதைதான். மண்டை ஓட்டில் கண் நரம்பு போகும் துவாரம் குழந்தை வளர வளர அகலமாக வேண்டும். அது குறுகிப்போய் நரம்பை நெரிக்கிறது. வெளியே கண் நல்லாத்தான் இருக்கும். பார்வை மட்டும் மங்கிக்கொண்டே போகும். காது நரம்பும் நசுங்கலாம்.

எலும்புக்குள் மஜ்ஜைக்கு இடம் இல்லாததால் ரத்தசோகை, வயிறு வீக்கம், அடிக்கடி காய்ச்சல் வரும். கல் போல இருந்தாலும் இந்த எலும்பு சாக்பீஸ் மாதிரி பட்டென்று உடையும்.

போன பார்வை திரும்பாது

எலும்பை அரிக்கும் செல்கள் மஜ்ஜையில் இருந்துதான் உருவாகின்றன. அதனால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் முக்கிய வழி. ஒரு சில வகைகளுக்கு மட்டும் இது பலன் தராது. மிச்சம் இருக்கும் பார்வையை காப்பாற்றலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. அதனால் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. மத்திய அரசின் 2021 அரிய நோய் கொள்கையிலும் இந்த நோய் இடம்பெற்றுள்ளது. அரசு அறிவித்த மையங்களில் ரூ.50 லட்சம் வரை உதவிக்கு வழி உண்டு.

சொந்தத்தில் கல்யாணமா?

அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே மரபணு குறை இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீதம் ஆபத்து. தாய்மாமன், அத்தை மகன் என சொந்தத்தில் முடித்தவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். முதல் குழந்தைக்கு வந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை பெற வேண்டும்.

குழந்தையின் கண் ஆட்டத்தோடு வெளிறிய உடம்பு, உப்பிய வயிறும் இருந்தால் தாமதம் வேண்டாம். ஒரு சாதாரண எக்ஸ்ரேவிலேயே எலும்பு வெள்ளைவெளேர் என்று காட்டிக்கொடுத்துவிடும்.