கண் கண்டதும் காகிதம் சொன்னதும்

திண்டுக்கல்லுக்குப் பெயர் தந்த அந்தப் பெரும் பாறையை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். சமவெளியில் நெடுந்தொலைவிலிருந்தே அது கண்ணில் படும். சிறுவனாக இருந்த நாளில் நான் அதனோடு ஒரு விளையாட்டு ஆடுவதுண்டு. கையை நீட்டி, கட்டைவிரலைப் பாறையின் உச்சிக்கு நேராக நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். பிறகு அக்கண்ணைத் திறந்து மற்றதை மூடுவேன். விரல் அசையவில்லை, ஆயினும் அது பாறையை விட்டுத் தாவி விலகி நிற்கும். இதனையே உங்கள் பௌதிக நூல் ‘இடமாறு தோற்றப் பிழை’ என்கிறது. பார்ப்பவனுடைய கண் இடம் மாறினால், அருகிலுள்ள பொருளும் தொலைவிலுள்ள பொருளும் ஒரே நேரில் நிற்பதில்லை. துப்பாக்கியால் குறிபார்ப்பதன் தொல்லை முழுவதும் இந்தச் சிறு விளையாட்டில் அடங்கியிருக்கிறது.

இதனைப் பேச எடுத்ததற்குக் காரணம் ஒரு கேள்வி. அமெரிக்காவில் வாழும் என் உறவினரின் மகன், அந்நாட்டில் வசந்த காலத்தில் நடைபெறும் காட்டு வான்கோழி வேட்டையைப் பற்றி எழுதியிருந்தான். வேட்டைக்காரர் சிலர் தம் ஷாட்கன் துப்பாக்கியின்மேல் சிறியதொரு கண்ணாடிக் கருவியைப் பொருத்துகிறார்களாம். அதனுள் பார்த்தால் சிவப்புப் புள்ளி ஒன்று தெரியுமாம். “புள்ளி நிற்கும் இடத்தில் குண்டு போய்ச் சேர்ந்துவிடுமா, தாத்தா?” என்று கேட்டிருந்தான். நல்ல கேள்வி. ‘தானாகச் சேராது, நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும்’ என்பதே அதற்கு விடை.

ஷாட்கன் என்பது ஒரே குண்டைச் செலுத்தும் ரைபிள் அன்று. அதன் தோட்டாவினுள் சிறு குண்டுகள் பல இருக்கும். இவற்றை ரவைகள் என்பர். வெடித்ததும் அவை கூட்டமாகக் கிளம்பிப் போகப் போக விரியும். பறக்கும் பறவையைச் சுடுபவனுக்கு இந்த விரிவு துணை செய்கிறது. வான்கோழியை வேட்டையாடுவோனோ, நிற்கும் பறவையின் தலையையும் கழுத்தையுமே குறிவைக்கிறான். உடலில் பட்டால் பறவை உடனே சாகாமல் காயத்தோடு ஓடி மறைந்து துன்புறும். ஆகவே குழல்முனையைக் குறுக்கி ரவைகளை நெருக்கமாகச் செல்லவைக்கிறான். கூட்டம் நெருங்க நெருங்க, குறி தவறுவதற்கு இடங்கொடுக்கும் எல்லையும் சுருங்குகிறது.

பழைய ஷாட்கன்னில் குழல்முனையில் ஒரு சிறு மணி மட்டுமே இருக்கும். பின்புறக் குறியின் வேலையைச் சுடுபவனுடைய கண்ணே செய்ய வேண்டும். கன்னம் கட்டையில் அழுந்தாமல் சற்றே உயர்ந்தால் கண்ணும் உயரும். ரவைகளும் இலக்குக்கு மேலே போய்விடும். நம் கட்டைவிரல் விளையாட்டு இங்கே பிழையாக முடிகிறது.

இக்குறையை நீக்கும் வழியை 1900ஆம் ஆண்டில் கண்டவர் டப்ளின் நகரத்துத் தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்டு கிரப். அவர் பெயர் நமக்கு அயலானதன்று. அவருடைய தொழிற்சாலையில் உருவான இருபது அங்குலத் தொலைநோக்கி முதலில் பூனாவில் இருந்தது. 1912இல் நம் திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் பழனிமலைமீது, கொடைக்கானல் வான் ஆய்வகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. விண்மீனைப் பார்க்க ஆடி சமைத்த அறிவே குறிபார்க்கவும் பயன்பட்டது.

குழியாடியின் குவியத்தில் ஒரு விளக்கை வைத்தால், எதிரொளிக்கும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வெளிவரும் என்று படித்திருக்கிறீர்கள். இணைகதிர்களைக் காணும் கண்ணுக்கு அவ்வொளி மிகத் தொலைவிலிருந்து வருவதுபோலத் தோன்றும். ஒளி ஊடுருவக்கூடிய கண்ணாடியே இங்கு ஆடியாக அமைவதால், அதன் வழியே இலக்கும் தெரிகிறது. ஒளிப்புள்ளியும் இலக்கின்மேல் தெரிகிறது. தலை சிறிது அசைந்தாலும் புள்ளி இலக்கைவிட்டு அதிகம் விலகுவதில்லை. இடமாறு தோற்றப் பிழை முற்றும் ஒழிவதில்லை, மிகவும் குறைகிறது. 1975இல் சுவீடன் நாட்டு எய்ம்பாயின்ட் நிறுவனம் மின்னணு விளக்கைக் கொண்டு இதே தத்துவத்தில் செம்புள்ளிக் கருவியை வெளியிட்டது.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கருவி குழலின்மேல் சில சென்டிமீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது. பார்வைக் கோடு வேறு. ரவைகள் செல்லும் வழி வேறு. இரண்டையும் வேண்டிய தொலைவில் சந்திக்கச் செய்வதே குறி சரிசெய்தல். அதற்கென அமைந்த வெளியில், பெரிய வெள்ளைத் தாளை நிறுத்தி, துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் அசையாது தாங்கி, முதலில் பத்து மீட்டர் தொலைவில் சுடுவர். ஓரளவு நேரான பின்னர் 40 கெசத்திற்கு, அஃதாவது ஏறத்தாழ 36 மீட்டருக்குத் தாளைக் கொண்டுபோவர். வேட்டையில் பயன்படுத்தும் அதே வகைத் தோட்டாவால் மும்முறையேனும் சுட்டு, ரவைத்துளைகளின் கூட்டத்திற்கு நடு எதுவெனக் காண்பர். ஒரே வெடியை நம்பி எதையும் திருப்பலாகாது.

கருவியில் இரண்டு திருகுகள் உண்டு; ஒன்று மேல்கீழ், மற்றது இடவலம். பாகையை அறுபது கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூற்றைக் கலை என்பர். பல கருவிகளில் திருகின் ஒரு சொடுக்கு ஒரு கலை நகர்த்தும். 36 மீட்டரில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கூட்டத்தின் நடு பத்து சென்டிமீட்டர் இடப்புறம் இருந்தால், வலப்புறமாகப் பத்துச் சொடுக்கு. பிறகு மறுபடியும் சுட்டுப் பார்க்க வேண்டும். கணக்குச் சொன்னதைக் காகிதம் ஒப்புக்கொண்டால்தான் வேலை முடிந்தது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. கல்லூரி நாளில் நான் தேசிய மாணவர் படையில் இருந்தேன். திண்டுக்கல்லை அடுத்த ஒரு குன்றின் அடிவாரத்தில், பாயிண்ட் டூ டூ ரைபிளால் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். நானும் என் நண்பனும் ஒரே ரைபிளால் ஐந்தைந்து முறை சுட்டோம். என் குண்டுகள் நான்கு திசையிலும் சிதறின. அவற்றுள் இரண்டு தற்செயலாக வட்டத்திற்குள் விழுந்தன. நண்பனுடைய ஐந்தும் வட்டத்திற்கு வெளியே, இடப்புறம் கீழே, ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய அளவில் நெருங்கிக் கிடந்தன. எனக்கு இரண்டு மதிப்பெண், அவனுக்குப் பூஜ்யம். நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன், அவன் வாய் பேசாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு பயிற்சியாளர் வந்தார். அந்தத் தாளை விரித்துப் பார்த்ததும், “இந்தப் பையனின் கை பிழைக்கவில்லை, தம்பி; ரைபிளின் குறிதான் பிழைத்திருக்கிறது” என்றார். குறியைச் சரிசெய்து அவனிடமே கொடுத்தார். ஐந்தும் வட்டத்தின் நடுவே சென்றன. ஆனால் போட்டி அதற்குள் முடிந்துவிட்டது. அன்று நான் அடைந்த நாணம் இன்றும் நினைவிருக்கிறது.

சிதறிய குண்டுகள் காட்டுவது ஒழுங்கற்ற பிழை. பயிற்சியால் அது குறையும். நெருங்கி ஒருபுறம் ஒதுங்கிய குண்டுகள் காட்டுவது முறையான பிழை. எத்தனை பயிற்சி செய்தாலும் அது போகாது, கருவியைத் திருத்தினால்தான் போகும். ஒன்றை மற்றொன்றாக எண்ணினால் நல்லவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். குறையுள்ள கருவியை வைத்துக்கொள்வோம். சோதனைச்சாலைத் தராசுக்கும் வெப்பமானிக்கும் இவ்விதி பொருந்தும். மனிதரை அளக்கும் தேர்வுகளுக்கும் பொருந்தும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை விளையாட்டுக்கு இடம் தரவில்லை. திண்டுக்கல் சமவெளியின் தோட்டங்களில் மேயும் மயிலைக் கண்ணால் காண்பதோடு நாம் நிறைவடைய வேண்டும், அதுவே நல்லது. காகித இலக்கைச் சுடுவதற்கோ தடையில்லை. உரிய மன்றங்களில் முறையாகக் கற்று உலக அரங்கு ஏறியவர்கள் நம்மிடையே உண்டு. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஷாட்கன் போட்டியிலேயே நம் நாட்டிற்காகக் கலந்துகொண்டார்.

பேரனுக்கு நான் எழுதிய விடை இவ்வளவே: “புள்ளியைப் பார், ஆனால் தாளைக் கேள்.”