கார் கவிழ்ந்தால் கை கொடுக்கும் கத்தி எது?

கூடலூர் மலைப் பாதையில் போகிறவர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கூடலூர்:-

கார் தலைகுப்புறக் கிடக்கிறது. உள்ளே இருப்பவர் சீட் பெல்ட்டில் தொங்குகிறார். உடம்பின் பாரம் முழுவதும் பெல்ட் மீது. பொத்தானை அமுக்குகிறார், பெல்ட் விடவில்லை. கதவும் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்னக் கத்தி இருந்தால் தப்பி விடலாம். ஆனால் எந்தக் கத்தி? அதில்தான் விஷயமே இருக்கிறது.

மூன்று மாநில ரோடு

ஊட்டியில் இருந்து சுமார் 50 கிலோ மீட்டரில் இருக்கிறது கூடலூர். நடுவட்டம், ஊசிமலை வழியாக இறங்கி வந்தால் ஒரு ரோடு தெப்பக்காடு, முதுமலை தாண்டி மைசூருக்குப் போகிறது. இன்னொன்று நாடுகாணியில் இறங்கி நிலம்பூருக்கு. மற்றொன்று சுல்தான் பத்தேரிக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, காடு, வளைவு. மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள்!

ஜூன் பிறந்தால் மழை. பக்கத்தில் உள்ள தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. 2019 ஆகஸ்டு மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டி மீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. 2024-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி அதிகாலையில் பக்கத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு அடித்துக்கொண்டு போனது.

ரோட்டில் மரம் விழுந்து கிடந்தால் 108 ஆம்புலன்சு வந்து சேர நேரம் ஆகும். அதுவரை கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

கவாத்துக் கத்தி போதாதா?

"வீட்டுல கவாத்துக் கத்தி இருக்கு. மூங்கில் வெட்டுற கத்தி இருக்கு. அப்புறம் எதுக்குப் புதுசா ஒண்ணு?" என்று கேட்கலாம்.

தேயிலைச் செடிக்கும் மூங்கிலுக்கும் அவை சரி. கார் உருளும்போது உறையில் இல்லாத கத்தி ஒன்று உள்ளே பறந்தால், பள்ளம் செய்ய வேண்டிய வேலையைக் கத்தி செய்து விடும். காய்கறிக் கத்தியும் அப்படித்தான்.

மீட்பு வேலைக்கு என்று செய்யும் மடக்குக் கத்தியின் அடையாளமே வேறு. முதலாவது, அதற்குக் கூர்முனை கிடையாது. நுனி மொட்டையாக இருக்கும். பெல்ட்டை அறுக்கும்போது அதன் அடியில் இருப்பது மனிதனுடைய வயிறும் கழுத்தும். கூர்முனை வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை.

இரண்டாவது, பூட்டு. சாதாரணப் பேனாக் கத்தியை அழுத்தி அறுத்தால் சில சமயம் அது திரும்பி மடங்கி விரலையே வெட்டிவிடும். நல்ல கத்தியில், விரித்ததும் "டிக்" என்று பூட்டு விழ வேண்டும். கடையிலேயே விரித்து, கத்தியின் முதுகை மரப் பலகையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். மடங்கினால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்து விடலாம். அலகை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் லொட லொட என்று ஆடக் கூடாது.

மூன்றாவது, ஒரு கையால் திறக்க முடிய வேண்டும். அதுவும் இடது கையால்! விபத்தில் எந்தக் கைக்கு அடிபடும் என்று யாருக்குத் தெரியும்? கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு திறந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

பிடி ஆரஞ்சு, மஞ்சள் என்று பளிச்சென்று இருப்பது நல்லது. கறுப்புப் பிடிதான் பார்வைக்கு எடுப்பு. ஆனால் இருட்டில் புல்லுக்குள் விழுந்தால் கிடைக்காது.

பல் வைத்த கத்தி

பெல்ட் நாடா, நைலான் கயிறு இவற்றை அறுக்க ரம்பம் போல் பல் வைத்த அலகு வேண்டும். ஆப்பிள் வெட்ட, பார்சல் பிரிக்க, பாக்குச் சீவ வழுவழுப்பான அலகு வேண்டும். பாதிக்குப் பாதி இரண்டும் உள்ள கத்திகள் விற்பனைக்கு வருகின்றன.

இதில் ஒரு சங்கடம். பல் மழுங்கினால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்க முடியாது. சக்கரத்தில் வைத்தால் பல்லே போய்விடும். அதற்கென்று உருண்டையான அரம் வாங்கி ஒவ்வொரு பல்லாகத் தீட்ட வேண்டும்.

இரும்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். கார்பன் எக்கு நன்றாகக் கூர் பிடிக்கும். ஆனால் கூடலூர் மழைக் காலத்தில் சட்டைப் பையிலேயே துருப் பிடித்து விடும். இந்த ஊருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் லாயக்கு. பழம் நறுக்குகிற கத்தி என்றால் மிஷின் ஆயில் வேண்டாம். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும்.

முன் கண்ணாடி உடையாது

பிடியின் அடியில் கண்ணாடி உடைக்கும் முனை ஒன்று இருக்கும். டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்தது அது. சில மலிவுச் சரக்குகளில் வெறும் இரும்பை வைத்து வர்ணம் அடித்து விடுகிறார்கள். அரம் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டு விடும். அசல் என்றால் அரம் வழுக்கும். போலி என்றால் ராவும்.

முனை அசலாக இருந்தாலும் முன் கண்ணாடியை அதனால் உடைக்க முடியாது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு ஒட்டிச் செய்தது முன் கண்ணாடி. விரிசல் விடுமே தவிர விழாது. பக்கக் கண்ணாடிதான் பொல பொலவென்று உதிரும். அதையும் நடுவில் குத்தக் கூடாது. மூலையில் குத்த வேண்டும். சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் ஏடு வைத்ததுதான். கண்ணாடியின் மூலையில் "டெம்பர்டு", "லாமினேட்டட்" என்று அச்சடித்து இருப்பதை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

கார் வெள்ளத்தில் இறங்கி விட்டால் யோசிக்க நேரம் இல்லை. முதலில் பெல்ட், அடுத்து கண்ணாடி, பிறகு குழந்தைகள், கடைசியில் பெரியவர்கள். கதவோடு மல்லுக்கட்டினால் தண்ணீரின் அழுத்தம்தான் ஜெயிக்கும்.

கவிழ்ந்த காரில் பெல்ட்டை அறுக்கும் முன் ஒரு கையைக் கூரையில் ஊன்றிக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அறுத்த மறு நிமிடம் தலை கீழே இடிக்கும், கழுத்து போய்விடும்.

5 நாள் பாறையில் சிக்கியவர்

அமெரிக்காவில் ஆரன் ரால்ஸ்டன் என்ற மலை ஏறும் வாலிபர், 2003-ம் ஆண்டு ஏப்ரலில் யூட்டா மாநிலத்தில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் தனியாகப் போனார். பாறை உருண்டு வலது கை சிக்கிக் கொண்டது. 5 நாளுக்கு மேல் யாரும் வரவில்லை. கையில் இருந்தது மட்டமான மடக்குக் கருவி ஒன்று. அதன் கத்தியால் பாறையைச் செதுக்கிப் பார்த்ததில் அலகு மழுங்கிப் போனது. கடைசியில் எலும்பைத் தானே முறித்து, அந்த மொட்டைக் கத்தியால் கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார்! இந்தக் கதைதான் 2010-ல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் "127 அவர்ஸ்" என்று படமாக வந்தது.

தினசரி வேலைக்கும் ஆபத்துக்கும் ஒரே கத்தி என்றால் இந்தத் தொல்லை இருக்கிறது. அட்டைப் பெட்டி பிரித்துப் பிரித்தே கூர் போய்விடும். அல்லது பலாப்பழம் அறுக்க வீட்டுக்குள் எடுத்துப்போய் அங்கேயே மறந்து விடுவார்கள்.

அதனால் பாக்கெட்டுக்கு ஒரு சாதாரண மடக்குக் கத்தி. காருக்கு ஒரு கொக்கி வடிவ பெல்ட் கட்டர். இதுதான் உருப்படியான வழி. கொக்கிக்குள் சின்ன பிளேடு ஒளிந்து இருக்கும். குழந்தை எடுத்து விளையாடினாலும் சுலபத்தில் கையை வெட்டாது. விலையும் சில நூறு ரூபாய்தான். அதை டேஷ்போர்டு பெட்டிக்குள் பூட்டி வைப்பதில் பிரயோஜனம் இல்லை. பெல்ட் போட்டபடியே கை எட்டும் இடத்தில் கட்டி வைக்க வேண்டும்.

பாம்புக் கடியா? கத்தியைத் தொடாதே!

எஸ்டேட்டுகளில் இன்னும் ஒரு பழக்கம் இருக்கிறது. பாம்பு கடித்தால் அந்த இடத்தைக் கீறி ரத்தத்தை வெளியேற்றுவது. விஷம் வெளியே வராது. ரத்தம் நிற்காமல் போவதும் புண் சீழ் வைப்பதும்தான் மிச்சம். காலை அசைக்காமல் வைத்து, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கம்பிச் சுருக்கில் சிக்கிய சிறுத்தையிடம் கத்தியோடு போகிறவர்களும் உண்டு. கம்பியைக் கத்தி அறுக்காது. வனத்துறைக்குச் சொல்வதே நல்லது.

போலீஸ் பிடிக்குமா?

மத்திய அரசின் ஆயுத விதிகளில் 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேற்பட்ட அலகு உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயக் கத்திகளுக்கு விலக்கு உண்டு. மீட்புக் கத்தியின் அலகு 3 அங்குலம், மூன்றரை அங்குலம்தான். மத்திய சட்டம் என்பதால் கேரளா, கர்நாடகாவிலும் இதே அளவுதான்.

பட்டனை அமுக்கினால் பாயும் கத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். டெல்லியில் 1980-லேயே அதற்குத் தனிக் கட்டுப்பாடு வந்துவிட்டது. போலீசாருக்கு அது ரவுடிகளின் கத்தி.

முதுமலை வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்குள் கத்தியும் அடக்கம். அனுமதி இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தெப்பக்காட்டில் வண்டியை நிறுத்தி, கத்தியோடு காட்டுக்குள் இறங்கி மூங்கில் ஒடித்தால் வழக்கு நிச்சயம். சோதனைச் சாவடியில் கேட்டால் மறைக்காமல் எடுத்துக் காட்டி விடுவது நல்லது. அந்த விஷயத்திலும் கொக்கி கட்டர் வசதி. அதைக் கத்தி என்று சொல்ல எவருக்கும் மனசு வராது.